தேவசகாயம் ஐயா மறக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை பஞ்சு வாங்க நோர்வூட் பஜாருக்கு இறங்கியிருந்தேன். துணிக்கடை காசிம் நானா என்னைக் கண்டதும் அளந்துகொண்டிருந்த சீத்தைத் துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். "மருத்துவச்சி அம்மா, நோட்டன் பக்கத்து டாக்டரையா மௌத்தாயிட்டாராம். நேத்து அடக்கமும் முடிஞ்சிருச்சாம். பஸ்காரர் சொல்லிட்டுப் போறாரு" என்றார். யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் டாக்டரையா என்றால் தேவசகாயம் ஐயா ஒருவர்தான். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர். அதை ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. நான் பஞ்சை மறந்துவிட்டு மலை ஏறினேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். நோட்டன் பக்கத்துக்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கள் நோர்வூட் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு பேச்சுத்தான் உண்டு. "பொண்ணு வயித்துல தையலப் போட்டுட்டு மறந்துபோன ஆளு." அவர் இறந்த செய்தி வந்த அன்றும் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன். ஐந்து வருஷமாக அப்படித்தான் நிற்கிறேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு அதைத் திறக்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர் லீவில் போயிருந்தபோது. அவருக்குப் பதிலாக ஒரு மாதம் வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான உடம்பு, கையில் எந்நேரமும் குடை. வந்த மறுநாளே ஒரு பிரசவம் முடித்துவிட்டு நான் டிஸ்பென்சரிக்குப் போனால், "நஞ்சுக்கொடியைக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல். பத்து வருஷம் பிள்ளை எடுத்தவளிடம், பிரசவம் நடக்கிற அறைக்குள் கால் வைக்காத மனிதர் கேட்கிற கேள்வியா இது! கொண்டுவந்து வைத்தேன். அதில் ஒட்டியிருந்த பனிக்குடத்துச் சவ்வைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். நனைந்த காகிதம் போல இருந்தது, ஆனால் சுலபத்தில் கிழியவில்லை.

"கொலாஜன்னு ஒரு நார் இதுக்குள்ள பின்னிக் கிடக்குது புஷ்பம்மா. கண்ணுக்குத் தெரியாது. கருப்பை வாயிலயும் அதுதான். பிள்ளையப் பத்து மாசம் பிடிச்சு வைக்கிறதும் அது, நேரம் வந்ததும் இளகி வழி விடுறதும் அது."

"நேரம் தப்பிப்போனா?" என்று கேட்டேன், மடக்கிவிட்டதாக நினைத்து.

"தப்பிப்போனாத்தானே நமக்கு வேல" என்று சிரித்தார்.

அந்த மாதம் முழுவதும் எங்களுக்குள் சண்டை. வாந்தி, மயக்கம் என்று வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளிடம் முதலில் பல்லைக் காட்டச் சொல்வார். ஈறில் ரத்தம் கசிந்தால் மருந்துச் சீட்டில் "கொய்யாப்பழம், தினமும்" என்று எழுதிக் கொடுப்பார். நெல்லிக்காய், தோடம்பழம், கொய்யா இவை உடம்பில் சேராவிட்டால் அந்த நார் ஒழுங்காகப் பின்னாது, பனிக்குடம் முன்னாலேயே உடையும் என்பது அவர் கட்சி. "மாட்டுச் சந்தைக்கு வந்த மாதிரியில்ல இருக்குது" என்று பெண்கள் என்னிடம் வந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு, முன்கூட்டியே தண்ணீர் உடைந்து வருகிறவர்களின் ஈறை நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

இனிச் சொல்லப் போவது தங்கத்தின் கதை. எங்கள் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற பேச்சியம்மாளின் மகள் அவள். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது பாவாடை கட்டிக்கொண்டு ஓடித் திரிந்தவள். நோட்டன் பக்கம், தேவசகாயம் ஐயா இருந்த தோட்டத்தில், சுப்பையா என்கிற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று முறை உண்டானாள். மூன்றும் ஐந்தாம் மாதத்தில் போயின. வலி இல்லை, ரத்தம் இல்லை, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு கனத்து, பிள்ளை நழுவி வந்துவிடும். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கொழுந்து மலையில் பயந்திருப்பாள் என்றார்கள். சுப்பையாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அவன் வீட்டில் வெளிப்படையாகவே பேச்சு எழுந்துவிட்டது. நாலாவதும் தங்காவிட்டால் தங்கம் தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நாலாவது உண்டானதும் ஐயா அவளையும் சுப்பையாவையும் கூட்டிக்கொண்டு தானே கண்டிக்குப் போனார். அவளுடைய கருப்பை வாயில் அந்த நார் பலமில்லை, பிள்ளை கனத்ததும் திறந்துகொள்கிறது என்பது அவர் யூகம். அங்கே பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, சுருக்குப் பையின் வாயைக் கயிறு போட்டு இழுத்து மூடுவது போல, கருப்பை வாயைச் சுற்றிப் பட்டு நூலால் தைத்து முடிச்சுப் போட்டார். அப்போது அது புது வைத்தியம். நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. கூடை தூக்கக்கூடாது என்று ஐயா தோட்டத்துத் துரையிடம் மல்லுக்கட்டி, அவளைப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மாற்றினார். ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறு தாண்டியது. ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் வந்து சேர்வதற்கு முன்பே எனக்கு ஐயாவின் கடிதம் வந்துவிட்டது. மீனாட்சி என்கிற பெண் பிரசவத்துக்கு உங்கள் தோட்டத்துக்கு வருகிறார். கருப்பை வாயில் தையல் இருக்கிறது. வலி தொடங்குவதற்கு முன் அதை வெட்டி எடுக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் கண்டிக்கு அனுப்ப வேண்டும். ஆள் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இவ்வளவுதான் கடிதம். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.

வந்தவள் தங்கம். நான் மீனாட்சியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற பேர் ஒன்று, லயத்தில் தாய் கூப்பிடுகிற பேர் ஒன்று. தங்கத்தைப் பேர் பதிந்தபோது மீனாட்சி என்று பதிந்திருக்கிறார்கள். அது அவளுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த பேர். ஐயாவுக்கு டிஸ்பென்சரிப் புத்தகத்தில் மீனாட்சி. எனக்கு அவள் என்றைக்கும் தங்கம். இந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரியாத வயிறு இல்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். 'மீனாட்சி இன்னும் வரவில்லை' என்று நினைத்துக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். அதற்குப் பதிலும் எழுதவில்லை.

தங்கமும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஐயா எழுதியிருக்கிறார், அம்மாவுக்குத் தெரியும் என்று அவள் நினைப்பு. உள்ளே முடிச்சுப் போட்டிருக்கிற விஷயம் லயத்துக்குள் பரவினால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள் என்று பேச்சியம்மாளிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

வலி கணக்குக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்தது. மழைக்காலம். பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன நேரம் என்னைக் கூப்பிட்டார்கள். போனபோதே வலி பலமாக இருந்தது. ஒன்றிரண்டு மணி நேரம் போயிற்று. வலி மேலும் மேலும் முறுக்குகிறது, பிள்ளை இறங்கவில்லை. பேச்சியம்மாள் வழக்கப்படி வீட்டில் இருந்த முடிச்சுகளை எல்லாம் அவிழ்க்க ஆரம்பித்தாள். மகளின் கொண்டை, துணி மூட்டை, கொடிக்கயிறு, தொட்டில் சேலை, கடைசியில் டிரங்குப் பெட்டியின் பூட்டு. நான் தடுக்கவில்லை. பதற்றமான வீட்டில் கைக்கு ஏதாவது வேலை இருப்பது நல்லது.

"எல்லாத்தையும் அவுத்துட்டேன் தாயி. இனி வந்துரும்" என்று மகளின் நெற்றியைத் துடைத்தாள்.

தங்கம் என் கையைப் பிடித்தாள். "உள்ள இருக்கிற முடிச்ச எப்பம்மா அவுப்பீங்க?"

"என்னடி உளர்ற?"

"அதான் ஐயா காயிதம் போட்டாருல்ல. நீங்க நேரம் பாத்து எடுப்பீங்கன்னுதானே இருக்கேன்."

"எந்த ஐயா? எந்தக் காயிதம்?"

"நோட்டன் ஐயா. எம் பேரப் போட்டு எழுதுறேன்னாரே. மீனாச்சின்னு."

பேச்சியம்மாளைத் தண்ணீர் காய்ச்ச அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே பார்த்தேன். விரலில் தட்டியது. இறுகிய ஒரு வளையம், அதை முட்டிக்கொண்டு புடைத்து நிற்கிற பனிக்குடம். ஒவ்வொரு வலிக்கும் நூல் சதையை அறுத்துக்கொண்டிருந்தது. நூல் வெல்லுமா கருப்பை வெல்லுமா என்கிற நிலை. எது வென்றாலும் தங்கத்துக்கு ஆபத்து. தோட்டத்து லொறிக்குச் சொல்லி அனுப்பினேன். அது கொழுந்து ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போயிருந்தது. என்னிடம் கத்தரிக்கோல் இருக்கிறது. எதை வெட்டுவது, எந்தப் பக்கம் வெட்டுவது, ஒன்றும் தெரியாது. இந்தப் பெண்ணை நான்தான் கொன்றேன் என்று அப்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் இஸ்தோப்புத் திண்ணையில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. பதில் வராததால் ஐயா தானே புறப்பட்டு வந்திருக்கிறார். காலை பஸ்ஸில் ஹட்டன் வந்து, அங்கிருந்து நோர்வூட், பிறகு மழையில் நடை. தலையிலிருந்து கால் வரை நனைந்து நின்றார். பேச்சியம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள். "ஆம்பள உள்ள வரக்கூடாதுங்க. எம் பொண்ணு செத்தாலும் கூடாது."

"நான் உள்ள வரல தாயி. கதவ மட்டும் ஒரு விரக்கடை தெறந்து வைங்க. நீங்க அடுப்பப் பாருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. இஸ்தோப்புச் சுவரோடு ஒட்டி, முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"புஷ்பம்மா, காயிதம் கெடச்சுச்சா?"

நான் கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். "கெடச்சுச்சுங்க. மேசையிலதான் கெடக்குது. மீனாட்சின்னு யாரும் வரலையேன்னு இருந்துட்டேன். இவ தங்கம்."

ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி. அது பொறகு. நூலு விரல்ல தட்டுதா?"

"தட்டுது."

"மேல் பக்கமா முடிச்சு இருக்கும். நூல் வால நீளமா விட்டிருப்பாங்க. தேடுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று அவர் சொன்ன குரலில் இருந்த அவசரம் எனக்குத் தெரிந்தது. தேடினேன். ரத்தத்தில் விரல் வழுக்கியது. வால் கிடைத்தது. "கெடச்சிருச்சு."

"மெதுவா இழுத்துப் பிடிங்க. முடிச்சுக்குக் கீழ ரெண்டு நூல் போகும். ஒண்ண மட்டும் வெட்டணும். ரெண்டையும் வெட்டுனா நூல் உள்ளயே மாட்டிக்கும். வலி இருக்கும்போது வெட்டாதீங்க. எறங்கட்டும். எறங்கினதும் சொல்லுங்க."

கத்தரிக்கோலின் நுனியை விரலால் மூடிக்கொண்டு உள்ளே கொண்டுபோனேன். வைத்ததும் அடுத்த வலி வந்தது. தங்கம் அலறினாள். அப்படியே கையை எடுக்காமல், அசைக்காமல் இருந்தேன். வெளியே அவர் "இரும்மா, இரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சொன்னாரா அவளுக்குச் சொன்னாரா தெரியவில்லை. வலி இறங்கியது. "இப்ப" என்றேன். "வெட்டுங்க" என்றார். வெட்டினேன். வாலைப் பிடித்து இழுத்தேன், நூல் முழுசாகக் கையோடு வந்தது. அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்தது. அதற்கடுத்த சில வலிகளில் பிள்ளை வந்துவிட்டது. பெண் பிள்ளை. சின்ன உடம்பு, ஆனால் வந்ததும் அழுதது.

கருப்பை வாய் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். லொறி வந்ததும் கொழுந்துச் சாக்கு விரித்து அவளைக் கிடத்தினோம். ஐயா பிள்ளையைக் காய்ந்த துணியில் சுற்றித் தன் மார்போடு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். தங்கம் பிழைத்தாள்.

தையலோடு ஒரு பெண்ணை வலி எடுக்கும் வரை எப்படி விட்டீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. எங்கள் தோட்டத்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். துரை, பெரிய கிளார்க், வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர். கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் முதலில் அவரைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, "மருத்துவச்சிக்குக் கடிதம் எழுத மறந்துட்டேன். ஞாபகம் வந்ததும் ஓடினேன். பிழை என்னுடையது" என்றார்.

கடிதம் என் முந்தானைக்குள் இருந்தது. எழுந்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. பயம்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. வேலை போய்விடும், வீடு போய்விடும், ஜனங்கள் காறித் துப்புவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். விசாரணை முடிந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிப்போய், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "பஸ் வந்துருச்சு புஷ்பம்மா" என்று ஏறிப் போய்விட்டார்.

அவரை ஒரு சின்ன டிவிஷனுக்கு மாற்றினார்கள். வார்டும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. கண்டிக்கு யாரையும் நேராக அனுப்பக்கூடாது என்றும் கட்டளை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு வந்த எல்லாக் கடிதங்களிலும் பெரட்டுப் பேர், வீட்டுப் பேர், தாயின் பேர் என்று மூன்றும் இருக்கும். பழையதைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் குழிமேட்டுக்குப் போனேன். தங்கம் மகளோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். வருஷா வருஷம் எனக்குச் சேலை கொண்டுவந்து காலில் விழுகிறவள். என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன், இதை எழுதப் போகிறேன் என்பதையும். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. கதவோரமாத்தான படுத்துக் கெடந்தேன். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு."

"அப்ப ஏண்டி இத்தனை நாளாச் சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். ஐயாவப் பத்தி அசிங்கமாப் பேசுறாங்களேன்னு அவருகிட்டயே போயி அழுதேன். அவரு சொன்னாரு: 'எம் பேரு கெட்டா ஜனங்க வேற டிஸ்பென்சரிக்குப் போவாங்க. அந்தம்மா பேரு கெட்டா வலி எடுத்தாலும் கூப்பிட மாட்டாங்க, வீட்டுக்குள்ளயே வச்சுப் பாத்துக்குவாங்க. எத்தன பேரு சாவாங்கன்னு நெனச்சுப் பாரு. நீ வாயத் தெறக்காத.' இப்ப நீங்க எழுதப் போறேங்கிறீங்க. அவரு சொன்னது என்னாகிறது?"

இந்த ஐந்து வருஷத்தில் எந்த வீட்டிலும் என்னைக் கூப்பிடத் தயங்கவில்லை. என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கூப்பிடுதல்தான், வேறொன்றும் என்னிடம் இல்லை. இதை எழுதுவதால் அதையும் நான் இழக்கக்கூடும். ஆனாலும் செத்த மனிதர் மேல் என் பிழையை இன்னும் ஏற்றி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மறக்கவில்லை. மறந்தவள் நான்.

என் மேல் கோபப்படுங்கள், ஏசுங்கள், எல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். என்னைப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்து மருத்துவச்சியிடம் ஆள் அனுப்புங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வலியோடு ஒரு பெண்ணை உள்ளே வைத்திருக்காதீர்கள். கூப்பிடுங்கள்.